சலக்குழாய்க்கு ஒரு திகதி வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்த ஒருவர் தம் தாயாரின் சிகிச்சை பற்றி எழுதிய கடிதத்தை வாசித்தேன். மூன்று வகை அன்ரிபயோட்டிக் ஏற்றியும் தாயாருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது என்றும், வேலை செய்யும் என்று ஆய்வுகூட அறிக்கை சொன்ன மருந்தே வேலை செய்யாமற் போனது என்றும் குறிப்பிட்டுவிட்டு, ஒன்றில் மருந்து போலியாக இருக்கவேண்டும், இல்லையேல் அறிக்கை பிழையாக இருக்கவேண்டும் என்று அவர் முடித்திருந்தார். தாயைக் கட்டிலிற் கிடத்திவிட்டு வார்ட்டு வாசலிற் காத்துநின்ற ஒரு மகனின் கோபத்தில் நான் குறைகாண மாட்டேன். ஆயினும், கிழக்கு மாகாணத்து ஆய்வுகூடங்களில் 37 ஆண்டுகள், கிருமிகளை வளர்த்தெடுக்கும் கல்ச்சர்த் தட்டுகளைப் பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவர் நினையாத மூன்றாவது நிலைமை ஒன்றும் உண்டு என்பதை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். மருந்து நல்லதாகவே இருக்கலாம், அறிக்கையும் சரியாகவே இருக்கலாம், அப்படியிருந்தும் கிருமி சாகாமல் இருக்கலாம். இது எங்கோ அருமையாக நடப்பதன்று. சிறுநீர் வெளியேறுவதற்காகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் சலக்குழாய் போட்ட நோயாளர் இருக்கும் எந்த வார்ட்டிலும் நடக்கக்கூடியது.

கல்ச்சர் அறிக்கையோடு வரும், எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டும் ஏ.பி.எஸ்.ரி. என்ற பகுதி எப்படித் தயாராகிறது என்பதை முதலிற் சொல்கிறேன். சலத்திலிருந்தோ சளியிலிருந்தோ புண்ணிலிருந்தோ வளர்த்தெடுத்த பற்றீரியாவை உப்புநீரிற் கலக்கி, குறித்த ஒரு கலங்கல் அளவுக்குக் கொண்டுவந்து, ஏகார் என்ற சத்துள்ள கூழ் ஊற்றிய தட்டின் மீது சீராகப் பூசி, மருந்து ஊறிய சிறு கடதாசி வட்டுகளை அதன்மேல் வைத்து, 35 பாகை செல்சியசில் ஓர் இரவு விட்டுவைப்போம். மறுநாட் காலையில் ஒவ்வொரு வட்டையும் சுற்றிப் பற்றீரியா வளராத வளையம் எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து, மருந்துக்கு அடங்கும் என்றால் 'எஸ்' என்றோ, அடங்காது என்றால் 'ஆர்' என்றோ எழுதுவோம். 1966இல் போவர், கேர்பி முதலானோர் ஒழுங்குபடுத்தித் தந்த இந்த முறை மலிவானது. கவனமாகச் செய்தால் நம்பத்தகுந்தது. அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தனித்தனியே பிரிந்து, வேண்டிய உணவு கிடைத்து, வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் பற்றீரியாவை இந்த மருந்து தடுக்குமா? நோயாளியின் குழாய்க்குள் இருக்கும் பற்றீரியா அப்படி வாழ்வதில்லை.

மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் கல்லடிப் பழைய பாலத்தின் அடியிலே தோணியிற் போனவர்கள் அதன் தூண்களைக் கவனித்திருப்பார்கள். 1924இல் திறந்த பாலம் அது. நீர்மட்டத்துக்குக் கீழே தூணைத் தொட்டால் கையில் வழுக்கும். பாசியும் வழுவழுப்பும் சிப்பியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும். அந்த இடத்திலேயே ஒரு வாளி வாவித் தண்ணீரை மொண்டு பார்த்தால் இவற்றில் ஒன்றும் தெரியாது, தண்ணீர் தெளிவாகவே இருக்கும். தூணில் ஒட்டியிருப்பதை வாளித் தண்ணீர் சொல்லாது. சலத்தை மட்டும் பார்த்துக் குழாயின் உட்சுவரைப் பற்றி முடிவு சொல்வதும் ஏறக்குறைய இதைப் போன்றதே.

பற்றீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டி, தாமே சுரக்கும் பசைக்குள் புதைந்து, கூட்டமாக வாழும் இந்நிலையை உயிர்ப்படலம் என்கிறோம். 1680களிலேயே ஒல்லாந்து தேசத்து லீவன்ஹூக் என்பவர் தம் பல்லிற் படிந்த ஊத்தையை வழித்தெடுத்துத் தாம் செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, வினாகிரி பட்டதும் வெளியே இருந்த சிற்றுயிர்கள் சாகின்றன, ஊத்தைக்குள்ளே இருப்பவை சாகவில்லை என்று குறித்து வைத்தார். அவர் கண்டது உயிர்ப்படலத்தைத்தான் என்று உலகம் விளங்கிக்கொள்ள முந்நூறு ஆண்டுகள் சென்றன. 1978இல் கொஸ்ரர்ரன் என்ற கனடிய நுண்ணுயிரியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதிய பிறகே இது ஒரு தனித் துறையாக வளர்ந்தது. மிதக்கும் நிலையிற் சாகும் அதே பற்றீரியாவை உயிர்ப்படலத்துக்குள் வைத்துக் கொல்ல, சில மருந்துகள் 10 முதல் 1000 மடங்கு வரை தேவைப்படுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயிரம் மடங்கு மருந்தை எந்த மனிதருக்கும் ஏற்ற முடியாது. கிருமி சாகுமுன் சிறுநீரகம் போய்விடும்.

ஏன் இப்படி என்று கேட்டால், பசை மருந்தை உள்ளே விடுவதில்லை என்று பலர் ஒரு வரியில் விடை சொல்லிவிடுகிறார்கள். அது பாதி விடை. அமிக்காசின், ஜென்ரமைசின் போன்ற நேர்மின்னேற்றம் உள்ள மருந்துகள் பசையிலுள்ள எதிர்மின்னேற்றப் பொருட்களோடு ஒட்டிக்கொண்டு தாமதமாவது உண்மை. ஆனால் வேறு பல மருந்துகள் படலத்தின் அடிவரை போய்ச் சேர்ந்தும் அங்கே பற்றீரியா உயிரோடு இருக்கிறது. அடித்தட்டில் ஒட்சிசன் குறைவு, உணவு குறைவு, ஆகவே வளர்ச்சியும் குறைவு. பெனிசிலின் வகை மருந்துகள் புதிதாகக் கலச்சுவர் கட்டிக்கொண்டிருக்கும் பற்றீரியாவைத்தான் கொல்லும். வேலையை நிறுத்தி உறங்குகின்ற ஒன்றிடம் அவற்றுக்கு எதுவும் செய்ய முடியாது. அமிக்காசின் வகையோ கலத்துக்குள் நுழைவதற்கே அந்தக் கலம் ஒட்சிசனைப் பயன்படுத்திச் சுவாசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, ஒரே பற்றீரியா, ஒரே பரம்பரையலகுகள், எப்படி மிதக்கும்போது ஒரு குணமும் ஒட்டியிருக்கும்போது வேறு குணமுமாக மாறுகிறது? மருந்தெதிர்ப்பு என்றதும் பரம்பரையலகு மாறிவிட்டது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அது ஒரு வழி, முக்கியமான வழியுங்கூட. ஆனால் பரம்பரையலகில் ஓர் எழுத்தும் மாறாமல், ஏற்கெனவே செய்துவைத்த புரதத்தின் மேல் ஒரு சிறு பொருளைக் கட்டியும் அவிழ்த்தும் பற்றீரியா தன் நடத்தையை நிமிடக்கணக்கில் மாற்றிக்கொள்ள வல்லது. புரத மாற்றியமைப்பு என்பது இதுதான்.

வைகாசியில் எங்கள் கண்ணகை அம்மன் கோயில்களிற் கதவு திறந்து காப்புக் கட்டுவதை நினைத்துப் பார்க்கலாம். காப்புக் கட்டியவரின் மணிக்கட்டில் ஒரு நூல், அவ்வளவுதான். ஆள் அதே ஆள். ஆனால் அந்த நூல் ஏறிய கணத்திலிருந்து அவருடைய உணவு வேறு, உறக்கம் வேறு, போகும் இடமும் போகாத இடமும் வேறு. திருக்குளிர்த்திச் சடங்கு முடிந்து காப்பு அவிழ்ந்ததும் மறுநாள் வயலுக்கோ வாவிக்கோ பழையபடி போய்விடுவார். கிருமிக்குக் கோயிற் காரியத்தை உவமை சொன்னதை அம்மன் பொறுத்தருள வேண்டும். எனக்கு இதைவிடப் பொருத்தமாக வேறொன்றும் தோன்றவில்லை. புரதத்தின் மேல் ஏறும் அந்த நூல் பல வகைப்படும். பொஸ்பேற்று ஏறலாம், அசற்றைல் ஏறலாம், வெல்லச் சங்கிலி ஏறலாம். பொஸ்பேற்றைக் கட்டுகின்ற நொதியத்துக்குக் கைனேசு என்றும், அவிழ்க்கின்ற நொதியத்துக்குப் பொஸ்பற்றேசு என்றும் பெயர்.

வார்ட்டுகளில் நாம் அடிக்கடி காணும் கிருமிகளிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியாவில் எஸ்.ரி.கே.1 என்றும் பி.கே.என்.பி. என்றும் இரு பெயரால் வழங்கும் ஒரு கைனேசு இருக்கிறது. மெதிசிலினுக்கு அடங்காத வகையில் இந்தக் கைனேசை ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தபோது, பெனிசிலின் குடும்ப மருந்துகளுக்கு அந்தப் பற்றீரியா முன்னிலும் எளிதில் அடங்கியது. அதாவது, எதிர்ப்புக்கான பரம்பரையலகு இருந்தால் மட்டும் போதாது, காப்புக் கட்டும் கையும் வேண்டியிருக்கிறது. அசினெற்றோபக்ரர் போமனி என்ற கிருமியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த எவரும் மறக்கமாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலிலும் 2024இல் திருத்திய பட்டியலிலும், கார்பபெனெம் மருந்துகளுக்கு அடங்காத அசினெற்றோபக்ரர் மிக ஆபத்தான வரிசையிலேயே வைக்கப்பட்டுள்ளது. அது தன் புரதங்களின் மேல் வெல்லச் சங்கிலிகளை ஏற்றுகிறது என்பதும், அந்த வேலையைச் செய்யும் நொதியத்தை நீக்கிவிட்டால் உயிர்ப்படலத்தைச் சரியாகக் கட்ட அதனால் முடிவதில்லை என்பதும் 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில் தெரியவந்தன.

இவை எல்லாவற்றிலும் என்னை வியக்கவைத்தது உறங்கும் கலங்களின் கதை. 1944இல் ஜோசப் பிகர் என்ற ஐரிஷ் வைத்தியர், ஸ்ரபிலோகொக்கஸ் மீது எவ்வளவு பெனிசிலின் போட்டாலும் ஒரு சிறு எச்சம் சாகாமல் நிற்பதைக் கண்டார். அந்த எச்சத்தை எடுத்து மறுபடி வளர்த்தால், அதன் சந்ததி முன்போலவே பெனிசிலினுக்குச் சாகிறது. மறுபடியும் ஒரு சிறு எச்சம் மிஞ்சுகிறது. பரம்பரையாக எதிர்ப்புப் பெற்றவை அல்ல இவை, அந்த நேரத்தில் உறங்கியவை. 1983இல் இ. கோலை என்ற குடற் பற்றீரியாவில் இதற்குத் தொடர்புடைய ஹிப்ஏ என்ற பரம்பரையலகு கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அது என்ன செய்கிறது என்பது 2013இல்தான் தெளிந்தது: ஹிப்ஏ ஒரு கைனேசு, புரதம் கட்டுவதற்குக் குளுற்றாமிக் அமிலத்தை ஏற்றிக்கொடுக்கும் ஒரு நொதியத்தின் மேல் அது பொஸ்பேற்றைக் கட்டுகிறது, கட்டியதும் அந்த நொதியம் நின்றுபோகிறது, கலம் பட்டினி கிடப்பதாக எண்ணிக்கொண்டு எல்லா வேலையையும் நிறுத்தி உறங்கிவிடுகிறது. ஒரு நொதியத்தின் மேல் ஒரு பொஸ்பேற்று ஏறியதால் ஒரு கலம் மருந்துக்குத் தப்பிவிடுகிறது! உயிர்ப்படலத்தின் ஆழத்தில் உறங்கும் கலங்கள் மிகுதி. மருந்து நின்றதும் அவை விழித்துப் பெருகும். காய்ச்சல் விட்டுவிட்டு வருவது ஏன் என்று படுவான்கரை வாசகர் கேட்டதற்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

விடையின் மற்றப் பகுதி எங்கள் ஆய்வுகூட மேசையில் இருக்கிறது. குழாயின் உட்சுவரில் ஒட்டியிருந்த பற்றீரியாவில் சில உதிர்ந்து சலத்தோடு வருகின்றன. நாங்கள் அவற்றைப் பிடித்து, சத்து நிறைந்த தட்டில் இட்டு, இளஞ்சூட்டில் ஓர் இரவு வைக்கிறோம். அதற்குள் காப்பு அவிழ்ந்துவிடுகிறது. உறங்கியது விழித்துவிடுகிறது, பசை சுரந்தது அதை நிறுத்திவிடுகிறது; மறுநாள் வட்டுச் சோதனைக்குப் போவது சாதாரணமாகப் பெருகும் பற்றீரியா. நாங்கள் 'எஸ்' என்று எழுதுகிறோம். அந்தப் பற்றீரியாவைப் பொறுத்தவரை அது முழுக்க உண்மை. நோயாளியின் குழாயைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கவேண்டும் என்பதில்லை. இக்குறையைப் போக்க 1999இல் கனடாவின் கல்கரி நகரத்தில், சிறு முளைகளில் உயிர்ப்படலத்தை வளர்த்து மருந்தைச் சோதிக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். ஆராய்ச்சிக்கு அது பயன்படுகிறது. அன்றாட வைத்தியத்துக்கு வழக்கமான பரிசோதனையாக அது வரவில்லை.

கொலிஸ்ரின் பற்றி இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமுடியாது, ஏனெனில் "அந்தப் பெரிய மருந்தைப் போடச் சொல்லுங்கள்" என்று உறவினர்கள் வைத்தியரிடம் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஒதுக்கிவைத்த அம்மருந்தை, வேறு வழியின்றி மறுபடி எடுத்திருக்கிறார்கள். அது பற்றீரியாவின் வெளிமென்சவ்விலுள்ள கொழுப்புப் பொருளோடு ஒட்டி அதைக் கிழிக்கும். அசினெற்றோபக்ரரில் பி.எம்.ஆர்.பி. என்ற காவற்புரதம் ஆபத்தை உணர்ந்து பி.எம்.ஆர்.ஏ. என்ற புரதத்தின் மேல் பொஸ்பேற்றைக் கட்ட, அது கட்டளையிட, அந்தக் கொழுப்புப் பொருளின் மின்னேற்றம் மாற்றப்படுகிறது; மருந்து ஒட்ட இடமில்லாமற் போகிறது. இந்தக் காவற்புரதத்தில் ஒரு திரிபு ஏற்பட்டு அது ஓயாமற் காப்புக் கட்டிக்கொண்டே இருக்குமாயின், அந்த எதிர்ப்பு நிரந்தரமாகிவிடுகிறது. சாகாமல் தாக்குப்பிடிக்கும் தன்மை உண்மையான எதிர்ப்புக்கு வழிதிறப்பதை 2017இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தினர் வேறொரு வகையில் நேரடியாகக் காட்டினர்: இ. கோலைக்கு அம்பிசிலினை விட்டுவிட்டுக் கொடுத்தபோது, முதலில் தாக்குப்பிடிக்கும் தன்மை தோன்றியது, அதன் மேல்தான் உண்மையான எதிர்ப்பு எழுந்தது. குழாயை எடுக்காமல் மருந்தை மட்டும் மாற்றி மாற்றி ஏற்றும்போது, அந்தச் சோதனையை நாம் மனித உடலுக்குள்ளே செய்துகொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் எழுதுகின்ற நானே என் சொந்த வீட்டில் தவறினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்காகச் சலக்குழாய் போட்டார்கள். எந்த வைத்தியசாலை என்பது இங்கே வேண்டாம்; அங்கிருந்த தாதியரும் வைத்தியர்களும் இரவு பகலாக உழைத்ததை நான் கண்டேன். சத்திரசிகிச்சை முடிந்தது, அண்ணனைச் சாய்த்து இருத்தினார்கள், சோறு தின்றார், பேரப்பிள்ளைகளோடு பேசினார். குழாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பன்னிரண்டாம் நாள் நடுங்கிக் காய்ச்சல் வந்தது. கல்ச்சரில் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா, நான்கு மருந்துக்கு 'எஸ்'. முதல் மருந்தில் மூன்று நாளிற் காய்ச்சல் விட்டது, நிறுத்தி நான்காம் நாள் மறுபடி வந்தது. இரண்டாவது மருந்து, அதே கதை. நான் என்ன செய்தேன்? என் பழைய சகாக்களிடம் போய் வட்டுகள் காலாவதியானவையா என்று விசாரித்தேன். படுவான்கரை வாசகர் சந்தேகித்ததைத்தான் நானும் சந்தேகித்தேன்.

கடைசியில் புதிதாக வந்த ஓர் இளம் பெண் வைத்தியர், கட்டிலருகே நின்று, "ஐயா, இந்தக் குழாய் எத்தனையாம் திகதி போட்டது?" என்று கேட்டார். அண்ணனுக்குத் தெரியாது. மச்சாளுக்குத் தெரியாது. கட்டில் அட்டையைப் புரட்டினார்கள், அதில் இல்லை. சத்திரசிகிச்சை நாளிலிருந்து எண்ணிப் பார்த்தபோது 26 நாள் ஆகியிருந்தது. குழாயை எடுத்துவிட்டு, முதலிற் கொடுத்த அதே மருந்தை ஏழு நாள் கொடுத்தார். காய்ச்சல் போனது, திரும்பவில்லை. எடுத்த குழாயை நான் கேட்டு வாங்கி, கையுறை போட்டு நெடுக வெட்டிப் பார்த்தேன். உட்சுவர் முழுவதும், பழங்கஞ்சி காய்ந்த பானையைப் போல மங்கிய மஞ்சட் படலம். அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது வெட்கம்தான். 37 ஆண்டு நான் வாளித் தண்ணீரை மட்டும் பார்த்திருக்கிறேன்.

சலக்குழாய் போட்ட ஒருவருடைய சலத்திற் பற்றீரியா தோன்றும் வாய்ப்பு நாளொன்றுக்கு 3 முதல் 7 வீதம் என்பது நீண்டகாலமாக அறியப்பட்ட கணக்கு. ஒரு மாதமானால் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்துவிடும். ஆகவே குழாய் போட்டவரின் சலம் கலங்கியிருக்கிறது, மணக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து கேட்பது தவறு. காய்ச்சலோ நடுக்கமோ அடிவயிற்று நோவோ வேறு அறிகுறியோ இல்லாதபோது அந்தப் பற்றீரியாவைக் கொல்ல முயல்வதால் நோயாளிக்கு நன்மையில்லை. அடுத்த முறை தேவைப்படும் மருந்தைத்தான் இழப்போம். அறிகுறி இருந்து, குழாய் இரண்டு வாரத்துக்கு மேலாக உள்ளே இருந்தால், முதலிற் குழாயை எடுக்கவேண்டும். இன்னும் தேவையென்றால் புதியது போட்டு, புதிய குழாயிலிருந்துதான் கல்ச்சருக்குச் சலம் எடுக்கவேண்டும். தொங்கும் பையிலிருந்து ஒருபோதும் எடுக்கக்கூடாது. குழாயின் நுனியை வெட்டிப் போத்தலிற் போட்டு அனுப்புவதையும் நிறுத்தவேண்டும். அதில் எப்போதும் ஏதாவது வளரும், அந்த வளர்ச்சி எதையும் நிறுவாது. எத்தனை நுனிகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

உறவினர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஸ்கேனுக்கோ எக்ஸ்ரேக்கோ தள்ளுவண்டியிற் கொண்டுபோகும்போது, பையைத் தூக்கி நோயாளியின் கால்களுக்கிடையே வைத்துவிடுகிறோம். அப்போது பையிலுள்ள சலம் குழாய் வழியே சிறுநீர்ப்பைக்குத் திரும்பி ஓடுகிறது. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் முட்டவும் கூடாது. நோயாளியைத் தொடுமுன்னும் பின்னும் கை கழுவவேண்டும் என்பதை வந்துபோகும் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். பத்துப் பேராக வந்து கட்டிலைச் சூழ்ந்து நிற்பது எங்கள் ஊர் அன்பு. கையையும் கழுவிவிட்டு அந்த அன்பைக் காட்டினால் நன்று.

சலரோகக்காரரின் காற்புண் பற்றியும் இதையே சொல்லலாம். படுவான்கரையிலும் அம்பாறை வயற்புறங்களிலும் வெறுங்காலோடு வரம்பில் நடந்து வந்த புண், மாதக்கணக்கில் ஆறாமல் இருப்பதைக் கண்டிருக்கிறோம். ஆறாத புண்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளிவந்த தொகுப்பொன்று, அவற்றில் 78 வீதமானவற்றில் உயிர்ப்படலம் இருந்ததாகக் கணக்கிட்டது. வைத்தியர் புண்ணைச் சுரண்டித் துப்புரவாக்குவது அந்தப் படலத்தை அகற்றுவதற்கே. நோகிறது என்று அதை மறுத்துவிட்டுப் பாமசிக்குப் போய் நாலு குளிசை வாங்கி விழுங்குவதில், தூணைச் சுரண்டாமல் வாவிக்கு மருந்து தெளிக்கின்ற பயன்தான் கிடைக்கும். பாமசிகள் வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் விற்பது சட்டப்படி தவறு என்பதும், அது நடக்கிறது என்பதும் தங்கள் பத்திரிகையிற் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. நான் மீண்டும் எழுதவில்லை.

2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாவினால் நேரடியாக உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த எண்ணைக் கேட்டதும் புதிய மருந்து எப்போது வரும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. கைனேசுகளைத் தடுத்து, பழைய மருந்துகளுக்குப் பற்றீரியாவை மீண்டும் அடங்கச் செய்யும் முயற்சிகள் ஆய்வுகூடங்களில் நடக்கின்றன, வரட்டும். நான் கேட்பது அதைவிட மிகச் சிறியது, காசு தேவையற்றது. கிழக்கு மாகாணத்தின் ஒவ்வொரு வார்ட்டிலும், சலக்குழாய் போட்டவுடன், போட்ட திகதியை ஒரு பிளாஸ்ரரில் எழுதிச் சலம் சேரும் பையில் ஒட்டவேண்டும். கல்ச்சருக்கு அனுப்பும் விண்ணப்பப் படிவத்தில் 'குழாய் உண்டா, எத்தனையாம் திகதி போட்டது' என்று ஒரு வரி இருக்கவேண்டும். அந்த வரி வெறுமையாக வந்தால் ஆய்வுகூடம் தொலைபேசியிற் கேட்கவேண்டும். காலையில் வைத்தியர் சுற்றிவரும்போது, இன்றைக்கும் இந்தக் குழாய் தேவையா என்ற கேள்வி ஒவ்வொரு கட்டிலிலும் எழவேண்டும். ஆட்பற்றாக்குறை என்ற பதிலை நான் எதிர்பார்க்கிறேன், அது உண்மையுங்கூட; ஆனால் திகதி எழுத அரை நிமிடம் போதும், 26 நாட் குழாயால் வந்த காய்ச்சலைப் பார்க்க மூன்று வாரம் தேவைப்பட்டது. எழுதத் தவறிய இடத்தில் உறவினர் கேட்பதைக் குறுக்கீடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் வார்ட்டுப் பொறுப்பாளர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

படுவான்கரை வாசகருக்கு: தங்கள் கடிதத்தில், தாயாரை இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதாகவும், குழாயோடுதான் படுத்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். மருந்தின் தரத்தை விசாரிக்க வேண்டுமென்றால் விசாரியுங்கள், அது தங்கள் உரிமை. அதற்கு முன், அந்தக் குழாய் போட்டது எத்தனையாம் திகதி என்று எண்ணிப் பாருங்கள். நாட்கணக்கை ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு, தாயாரையும் கூட்டிக்கொண்டு, அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் நாளைக்கே போய் அந்தத் துண்டை வைத்தியர் கையில் கொடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
ஆரையம்பதி.